பாரிசவாதத்துக்குப் பின் பேச்சு தடுமாறினால்: வயது காரணமா, ஆண் பெண் என்பது காரணமா?

கொழும்பு வைத்தியசாலைகளின் வார்ட்டுக்கு வெளியே, பார்வையாளர் நேரத்துக்குக் காத்திருக்கும் உறவினர்கள் இரண்டு கதைகளை அடிக்கடி சொல்வார்கள். ஒன்று: "எண்பது வயதாச்சு, இனிப் பேச்சு எங்க வரப்போகுது." மற்றது: "பொம்பிளையளுக்கு மூளையின்ர ரெண்டு பக்கத்திலும் பேச்சு இருக்காம், கெதியில திரும்பிடும்." முதலாவதில் கொஞ்சம் உண்மையும் நிறைய ஆபத்தும் இருக்கின்றன. இரண்டாவது, ஒருகாலத்தில் ஆய்வாளர்களே நம்பி, பிறகு எண்களைப் பார்த்துக் கைவிட்ட கருத்து. இரண்டையும் சரியாக விளங்கிக்கொண்டால், வீட்டில் ஒருவருக்கு இது நேரும்போது நாம் எடுக்கும் முடிவுகள் மாறும்.

முதலில், பேச்சு தடுமாறுவது என்றால் என்ன என்று பார்ப்போம். பாரிசவாதம் (ஸ்ட்ரோக்) என்பது மூளையின் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது; அது வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மொழியும் பாதிக்கப்படுகிறது. இதற்கு மருத்துவத்தில் அஃபேசியா என்று பெயர். நாக்கும் உதடும் சரியாக அசையாமல் சொற்கள் குழறுவது வேறு. அங்கே மொழி அப்படியே இருக்கிறது, அதை வெளியே கொண்டுவரும் தசைகள்தான் சொல் கேட்பதில்லை. அஃபேசியாவில் மொழியே அடிபடுகிறது. சொல்ல நினைத்த சொல் கிடைக்காது, அல்லது வேறு சொல் வந்துவிழும், அல்லது எதிரில் இருப்பவர் சொல்வது பிடிபடாது. வாசிப்பும் எழுத்தும்கூட அதோடு சேர்ந்து குறையும். ஆனால் அறிவு போய்விடவில்லை. பேத்தியின் முகம் தெரியும், பணத்தின் அருமை தெரியும், யார் தன்னைக் குழந்தைபோல நடத்துகிறார்கள் என்பதும் நன்றாகத் தெரியும்.

வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் 95 சதவீதம் அளவானவர்களுக்கும், இடக்கைப் பழக்கமுள்ளவர்களில் 70 சதவீதம் அளவானவர்களுக்கும் மொழி மூளையின் இடப்பக்கத்திலேயே பெரும்பாலும் இயங்குகிறது. 1861இல் பிரான்ஸ் மருத்துவர் போல் புரோக்கா, ஒரேயொரு அசையை மட்டுமே சொல்லக்கூடிய நோயாளி ஒருவரின் மூளையைப் பரிசோதித்து, இடப்பக்க முன்பகுதியில் சேதம் இருந்ததைக் காட்டினார். 1874இல் ஜேர்மன் மருத்துவர் கார்ல் வேர்ணிக்கே இன்னொரு வகையை விவரித்தார்: அந்த நோயாளிகள் தடையில்லாமல் பேசினார்கள், ஆனால் பேச்சில் பொருள் இல்லை, அவர்களது சேதம் காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் இருந்தது. இரண்டு இடங்களுக்கும் இரத்தம் கொடுப்பது ஒரே பெரிய நாடிதான். அதன் மேல்கிளை முன்பகுதிக்குப் போகிறது, கீழ்க்கிளை பின்பகுதிக்குப் போகிறது. எந்தக் கிளை அடைபடுகிறது என்பதைப் பொறுத்துப் பேச்சின் நிலை மாறும்.

செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். காலையில் பாரிசவாதம், வலக்கை தூக்க முடியவில்லை. மூன்றாம் நாள் மகனிடம் கடையைப் பற்றிச் சொல்ல முயல்கிறார்: "கடை... சாவி... தம்பி... இல்ல... சாவி..." ஒவ்வொரு சொல்லுக்கும் நெற்றி வியர்க்கிறது. "சாவியைத் தம்பியிடம் கொடுக்காதே" என்பதில் வேற்றுமை உருபும் வினைமுற்றும் நழுவிவிட்டன, பெயர்ச்சொற்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. தான் சொல்வது போதவில்லை என்பது அவருக்குத் தெரிகிறது. அதனால் கோபமும் அழுகையும் வருகின்றன. இது புரோக்கா வகை.

இனி வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் இருக்கும் எண்பத்திரண்டு வயது அம்மம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். கைகால் நன்றாக இருக்கிறது, எழுந்து நடக்கிறார். "அம்மம்மா, தேத்தண்ணி குடிச்சீங்களோ?" என்று கேட்டால், "ஓம், அதைத்தானே நான் நேற்றைக்கு மேல வச்சு அவையளுக்குக் கழட்டிச் சொன்னனான்" என்று தாளமும் இழுவையும் குறையாமல் பதில் வருகிறது. பொருள் மட்டும் இல்லை. தனது பேச்சு பிசகியிருப்பது அவருக்கே தெரிவதில்லை. வீட்டில் உள்ளவர்கள், "மனுசிக்கு மறதி வந்திட்டுது, அறளை பேந்திட்டுது" என்று முடிவு செய்கிறார்கள். இது வேர்ணிக்கே வகை. முதியவர்களிடம் பாரிசவாதம் தவறவிடப்படும் வழிகளில் இது மிக மோசமானது என்று நான் நினைக்கிறேன். கை இழுக்கவில்லை, வாய் கோணவில்லை, ஆகவே யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. மறதிநோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. நேற்றிரவு வரை தெளிவாகக் கதைத்தவர் இன்று காலை இப்படிக் கதைத்தால் அது மறதி அல்ல, பாரிசவாதமாக இருக்கலாம் என்று எண்ணி உடனே புறப்பட வேண்டும்.

இந்த இருவருக்கும் நான் கொடுத்த வயதுகள் தற்செயலானவை அல்ல. ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒரு போக்கு இது: ஒப்பீட்டளவில் இளையவர்களிடம் புரோக்கா போன்ற திக்கித் திணறும் வகைகள் கூடுதல், மூத்தவர்களிடம் வேர்ணிக்கே வகையும், பேசுவதும் பிறர் பேச்சை விளங்கிக்கொள்வதும் ஒன்றாகப் போய்விடும் முழு அஃபேசியாவும் கூடுதல். இது ஒரு போக்குத்தான், விதி அல்ல. எண்பது வயதில் புரோக்கா வகையும் வரும், நாற்பதில் வேர்ணிக்கேயும் வரும்.

வயது கூடினால் என்ன நடக்கிறது

சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில், முதன்முறை இரத்தக்குழாய் அடைப்பால் பாரிசவாதம் வந்தவர்களை ஆராய்ந்த முடிவுகள் 2006இல் வெளியாகின. நோயாளிகள் 269 பேர், அவர்களில் 30 சதவீதமானோருக்கு அஃபேசியா. வயதுவாரியாகப் பிரித்தபோது, 65க்குக் கீழே 15 சதவீதம், 85க்கு மேலே 43 சதவீதம். இதே ஆய்வில் ஆண், பெண் என்ற வேறுபாடு அஃபேசியா வருவதையோ அதன் கடுமையையோ மாற்றவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

வயது ஏன் இப்படி வேலை செய்கிறது? பெரிய காரணங்களில் ஒன்று இதயம். வயது ஏற ஏற, இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடக்கும் ஒரு வகைச் சீரற்ற துடிப்பு கூடுகிறது. அப்போது உள்ளே இரத்தம் தேங்கிக் கட்டிப்படுகிறது. அந்தக் கட்டி இதயத்திலிருந்து புறப்பட்டு மூளைக்குப் போய், ஒரு பெரிய கிளையை அடைத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1991இல் சொன்ன கணக்கின்படி, ஐம்பதுகளில் வரும் பாரிசவாதங்களில் 1.5 சதவீதத்துக்குத்தான் இந்தத் துடிப்புக் கோளாறு காரணம். எண்பதுகளில் அது 23.5 சதவீதம். பிரஷராலும் சீனி வியாதியாலும் மூளையின் ஆழத்திலுள்ள மிக நுண்ணிய குழாய்கள் அடைபடும்போது சேதம் சிறிதாக இருக்கும், மொழிப்பகுதி தப்பிவிடுவதும் உண்டு. இதயத்திலிருந்து வரும் கட்டி அப்படியல்ல. அது மூளையின் மேற்பரப்பை, மொழி இருக்கும் இடத்தையே பெரும் பரப்பில் தாக்கும். பாசல் ஆய்விலும் அஃபேசியா உள்ளவர்களிடம் இதயத்திலிருந்து வந்த அடைப்பு கூடுதலாகவே இருந்தது.

வயதானவரின் மூளையில், முன்பு வெளியே தெரியாமல் வந்துபோன சிறு அடைப்புகளின் தழும்புகளும் இருக்கக்கூடும். சேதத்தைச் சமாளித்து வேறு வழி தேடிக்கொள்ளும் இருப்பு குறைந்திருக்கும். இவ்வளவும் சேர்ந்துதான் வயது என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

பெண்களின் மூளை வேறா?

1970களில் கனடாவின் ஜெனட் மெக்லோன் போன்றவர்கள், இடப்பக்கச் சேதத்துக்குப் பின் ஆண்களுக்கே அஃபேசியா அதிகம் வருகிறது என்று எழுதினார்கள். பெண்களின் மொழி இரண்டு பக்கமும் பரவியிருப்பதால் ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் தாங்கிக்கொள்கிறது என்பது விளக்கம். 1995இல் ஷேவிட்ஸ் தம்பதியரும் சகாக்களும் மூளை ஸ்கேன் ஆய்வொன்றை வெளியிட்டார்கள். 19 ஆண்கள், 19 பெண்கள்; சொற்கள் ஓசை ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் பயிற்சி. ஆண்களில் இடப்பக்கம் மட்டும் வேலை செய்தது, பெண்களில் 11 பேருக்கு இரண்டு பக்கமும். உலகப் பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போட்டன. வார்ட் வாசலில் நாம் கேட்கும் கதையின் வேர் இதுதான்.

பிறகு வந்த பெரிய கணக்குகளில் அது நிலைக்கவில்லை. நெதர்லாந்தின் ஐரிஸ் சொமரும் சகாக்களும் 2004இல், 800க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது மொழி எந்தப் பக்கம் என்பதில் ஆண்–பெண் வேறுபாடு தெரியவில்லை. 38 பேரிடம் கண்டது, நூற்றுக்கணக்கானோரிடம் கரைந்துபோனது.

இங்கே கதை திசைமாறுகிறது. பெண்களுக்கு அஃபேசியா குறைவு என்று எதிர்பார்த்தோம் அல்லவா? டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்து மிக்கெல் வாலென்டின் 2018இல் 25 ஆய்வுகளை, ஏறக்குறைய 48,000 நோயாளிகளின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். அஃபேசியா பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதம், ஆண்களில் 26 சதவீதம். குறைவு அல்ல, கூடுதல்! ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. பெண்களுக்குப் பாரிசவாதம் வரும் வயது ஆண்களைவிடச் சராசரியாக நான்கு ஆண்டுகள் அளவுக்குப் பிந்தியது. வயதைக் கணக்கில் எடுத்ததும் அந்த இடைவெளி ஆண்–பெண் வேறுபாடாக நிற்கவில்லை. அவருடைய கட்டுரையின் தலைப்பே வேறுபாட்டுக்குக் காரணம் வயது என்றுதான் சொல்கிறது.

இது எப்படி முடியும் என்று புதிதாக வாசிப்பவர்களுக்குக் குழப்பம் வரும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, எந்த ஆய்விலிருந்தும் வந்தவையல்ல.

பாரிசவாதம் வந்தவர்களில் 75 வயதுக்குக் கீழே 20 சதவீதமானோருக்கும், அதற்கு மேலே 40 சதவீதமானோருக்கும் அஃபேசியா வருகிறது என்று வையுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே வீதம்தான், எள்ளளவும் வித்தியாசம் இல்லை. இப்போது 100 ஆண் நோயாளிகளில் 70 பேர் 75க்குக் கீழே, 30 பேர் மேலே. எழுபதில் 20 சதவீதம் 14 பேர்; முப்பதில் 40 சதவீதம் 12 பேர்; மொத்தம் 26. அடுத்து 100 பெண் நோயாளிகள், ஆனால் இவர்கள் 50 பேர் கீழே, 50 பேர் மேலே. முதல் ஐம்பதில் 10 பேர், அடுத்த ஐம்பதில் 20 பேர், மொத்தம் 30.

ஆண் 26, பெண் 30. இரு பாலாரின் மூளையிலும் ஒரு வேறுபாடும் வைக்காமலேயே நான்கு சதவீத இடைவெளி வந்துவிட்டது. தரம் ஆறு மாணவர்களின் உயரத்தை ஒரு பாடசாலையிலும் தரம் பதினொன்று மாணவர்களின் உயரத்தை இன்னொரு பாடசாலையிலும் அளந்துவிட்டு, இரண்டாவது பாடசாலையின் சாப்பாடு நல்லது என்று சொல்வதைப் போன்றதுதான், வயதைப் பார்க்காமல் ஆணையும் பெண்ணையும் ஒப்பிடுவது.

இதைக் கொழும்புக்குப் பொருத்திப் பார்க்கும்போது இன்னொரு சங்கதி தெளிவாகும். கொழும்பில் வீடுவீடாகச் சென்று நடத்திய, 2015இல் வெளியான ஆய்வு, ஆயிரம் வளர்ந்தவர்களில் பத்துப் பேர் அளவுக்குப் பாரிசவாதம் வந்திருப்பதாகக் காட்டியது. பெண்களைவிட ஆண்களே கூடுதல். அப்படியானால் பெண்களில் 30, ஆண்களில் 26 என்பது பொய்யா? இல்லை. பாரிசவாதம் யாருக்கு அதிகம் வருகிறது என்பது ஒரு கேள்வி. வந்தவர்களில் யாருக்குப் பேச்சு அடிபடுகிறது என்பது வேறு கேள்வி. செய்திகளில் இவை இரண்டும் அடிக்கடி கலந்துவிடுகின்றன. 2012 கணக்கெடுப்பிலேயே இலங்கையரில் 12.4 சதவீதமானோர் 60 வயதைக் கடந்தவர்கள்; பெண்களின் ஆயுள் ஆண்களைவிட நீளம். ஆகவே எண்பதைத் தாண்டிய பெண் நோயாளிகளை நமது வார்ட்டுகள் இனிக் கூடுதலாகவே காணும்.

மூளையில் இல்லை, வாழ்க்கையில் இருக்கிறது

பாலினத்துக்கு இங்கே வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது மூளைக்குள் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கணவரை இழந்து தனியே வாழும் அம்மாமார் எத்தனை பேர்! பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக, அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். தொடங்கிய நேரம் தெரியாவிட்டால் பெரும்பாலும் போடமாட்டார்கள். தனியே இருப்பவருக்குப் பேச்சே போய்விட்டால், 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து என்ன சொல்வார்? இதனால், தனியே இருக்கும் பெற்றோருடன் காலையும் மாலையும் இரண்டு நிமிடமாவது கதைக்கும் பழக்கம் உயிர்காக்கும் பழக்கம் என்று உறுதியாகச் சொல்வேன். கதையில் தடுமாற்றம் தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரரை உடனே கதவைத் தட்டச் சொல்லலாம். கடைசியாக நன்றாகக் கதைத்தது எத்தனை மணிக்கு என்று வைத்தியருக்கும் சொல்லலாம்.

இன்னொன்று, மொழி. கொழும்புத் தமிழர் பலருக்கு மூன்று மொழிகள் உண்டு, ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. கந்தோரில் முப்பது வருடம் வேலை பார்த்த ஐயாவுக்குச் சிங்களமும் ஆங்கிலமும் ஓடும். அதே வீட்டில், அவர் மனைவிக்குத் தமிழ்தான் முழு மொழி, சிங்களம் மரக்கறிக்காரரோடு கதைக்கும் அளவுக்கே. இருவரையும் சிங்களத்தில் சோதித்தால் அம்மாவின் புள்ளி குறையும். அதைப் பார்த்து, பெண்ணுக்குப் பாதிப்பு கடுமை என்று எழுதிவிடலாம். உண்மையில் அளந்தது பாரிசவாதத்தை அல்ல, அவர் எந்த மொழியில் வாழ்ந்தார் என்பதை. பள்ளிப்படிப்பும் இப்படித்தான் குறுக்கே வரும்: எழுதப்படிக்க அதிகம் பழகாதவரிடம் வாசிப்புச் சோதனை வைத்துவிட்டு, வாசிப்பு போய்விட்டது என்று சொல்வதில் என்ன நியாயம்?

பல மொழி தெரிந்தவர்களுக்குப் பெரும்பாலும் எல்லா மொழிகளும் ஏறத்தாழ ஒன்றாகவே அடிபட்டு ஒன்றாகவே தேறும். சிலருக்கு ஒன்று முந்தும், மற்றது பிந்தும். முதலில் கற்றது முந்தும் என்று ரிபோ என்ற பிரெஞ்சு அறிஞரும், அதிகம் புழங்கியது முந்தும் என்று 1895இல் பித்ர் என்பவரும் சொன்னார்கள். இரண்டுக்கும் சான்றும் உண்டு, விலக்கும் உண்டு.

தேறுவது பற்றி

எவ்வளவு தேறும் என்பதை மிக நன்றாகச் சொல்லக்கூடியது, தொடக்கத்தில் பாதிப்பு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதும் சேதத்தின் அளவும் இடமும்தான். வயதின் பங்கு அதற்குப் பிறகே வருகிறது, அதுவும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஆண், பெண் என்பது அநேகமாகப் பங்கே எடுப்பதில்லை. உலகின் பல நாடுகளிலிருந்து நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்த ரிலீஸ் என்ற கூட்டுமுயற்சி, சிகிச்சையில் மிகப்பெரிய முன்னேற்றம் 55 வயதுக்குட்பட்டவர்களிடம் காணப்பட்டதாகச் சொன்னது. இளையவருக்குக் கூடுதல் பலன் என்றால் மூத்தவருக்குப் பலனே இல்லை என்று பொருள் அல்ல. அதே கூட்டுமுயற்சியில், மொத்தமாக 20 முதல் 50 மணித்தியாலம் வரையான சிகிச்சையும், வாரத்தில் நான்கைந்து நாள் பயிற்சியும் நல்ல முன்னேற்றத்தோடு சேர்ந்து காணப்பட்டன. முதல் மூன்று மாதம் வேகமாகத் தேறும், பிறகு மெல்ல, ஆனால் வருடங்கள் கடந்தும் தேறலாம். எண்பது வயது என்பதற்காகப் பேச்சுச் சிகிச்சைக்கு அனுப்பாமல் விடுவது அநியாயம். கேட்டு வாங்குங்கள்.

தமிழில் சிகிச்சை கொடுக்கக்கூடியவர்கள் இங்கே தேவைக்கு மிகக் குறைவு. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் பேச்சுச் சிகிச்சைக்கான பட்டப்படிப்பு நடக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் இன்னும் பலர் அந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பது என் பெருவிருப்பம். அதுவரை, சிகிச்சையாளர் சிங்களம் பேசுபவராக இருந்தாலும், வீட்டில் ஒருவர் கூடவே இருந்து பயிற்சியைத் தமிழில் செய்யப் பழகிக்கொள்ளலாம்.

வீட்டிலும் நிறையச் செய்யலாம். ரிவியை நிறுத்திவிட்டு முகத்துக்கு நேரே இருந்து கதையுங்கள். "சாப்பாட்டுக்கு என்ன வேணும்?" என்பதைவிட, "இடியப்பமா, பாணா?" என்று இரண்டையும் காட்டிக் கேட்பது எளிது. கேட்டபின் காத்திருங்கள், அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லி முடிக்க வேண்டாம். பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் உரக்கச் சொல்வதில் பயனில்லை, அஃபேசியா அடிப்பது மொழியை, காதை அல்ல. கதைக்க வராதவருக்கும் தேவாரமோ பழைய பாட்டோ, ஒன்று இரண்டு மூன்று என்ற எண்ணிக்கையோ தானாக வந்துவிடுவதுண்டு. அது மனதுக்கு ஊக்கம் தரும், பயிற்சியைத் தொடங்கவும் உதவும்.

சிகிச்சையாளரை முதன்முறை சந்திக்கப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தக் கைப் பழக்கம், எத்தனை வயதில் எந்த மொழி வந்தது, யாரோடு எந்த மொழியில் கதைப்பார், எதுவரை படித்தார், பேப்பர் வாசிப்பாரா, கண்ணாடி போடுவாரா, காது கேட்குமா, பாரிசவாதத்துக்கு முன் மறதி ஏதும் இருந்ததா. வயதும் ஆணா பெண்ணா என்பதும் ஏற்கெனவே வார்ட் அட்டையில் இருக்கும். இவை அங்கே இருக்காது.